ஆறடி உயரத்துக்கு 45 பவுண்டு வில் பொருந்துமா?

ஆஸ்திரேலியாவில் வேட்டைக்குச் செல்லவிருப்பதால் 45 பவுண்டு வில்லை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம், கழற்றி மாட்டக்கூடிய ரிக்கர்வ் வில்லை (நுனிகள் முன்புறம் வளைந்த வில்) வாங்கி, 25 பவுண்டு லிம்புகளுடன் (கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதிகள்) தொடங்குங்கள். வேட்டைக்குரிய கனமான லிம்புகளைப் பின்னர் அதே கைப்பிடியில் மாட்டிக்கொள்ளலாம்.

கடையில் 45 பவுண்டு வில்லை இழுத்தபோது கை நடுங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வில்லில் பொறித்திருக்கும் எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, பொதுவாக 28 அங்குல இழுப்புக்குரியது. அதற்குமேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 2 பவுண்டு கூடும் என்பதால், ஆறடி உயரமுள்ள நீங்கள் 30 அங்குலம் இழுத்திருந்தால் 50 பவுண்டுக்கு அருகில் தாங்கியிருப்பீர்கள்.

ஒரு சோதனை: நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, வில்லை மேலே தூக்காமல் நேராக இழுத்து, நாணைத் தாடையருகே பத்து விநாடி நிறுத்துங்கள். உடல் வளைந்தாலோ கை நடுங்கினாலோ எடை அதிகம். அம்பில்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள், லிம்பு பிளந்துவிடும், மெல்லத் தளர்த்துங்கள்.

விலையுயர்ந்த கார்பன் அம்புகளையும் இப்போதே வாங்காதீர்கள். லிம்பின் எடை கூடும்போது அம்பின் விறைப்பும் மாற வேண்டும்.

வேட்டையைப் பொறுத்தவரை, பொங்கோல் வட்டாரத்தில் காட்டுப்பன்றியே எதிரில் வந்தாலும், சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்கைக் கொல்வது குற்றம். இங்கே பயிற்சித் திடல் மட்டுமே. நீங்கள் செல்லவிருக்கும் ஆஸ்திரேலியாவில் வில்வேட்டை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கனமான லிம்பை வாங்குமுன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.