தொழுவத்துப் பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, ஆறு கறவை மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறேன். போன வாரம் உணவு பாதுகாப்பு அலுவலர் வழியில் நிறுத்திப் பால் மாதிரி எடுத்தார். பயத்தில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ன ஆகும்?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: தண்ணீர் கலக்கவில்லை என்றால் நன்றாகத் தூங்குங்கள் தம்பி. என்னிடமும் ஒருமுறை எடுத்தார்கள். முக்கூடல் பக்கம், காலை ஆறரை மணி, வண்டியில் இரண்டு கேன். எடுப்பதற்கு முன் கேனை நன்றாகக் கலக்கச் சொன்னார். அதைக் கவனியுங்கள், கொழுப்பு மேலே ஏறி நிற்க, அடிப்பாலை மட்டும் எடுத்தால் கணக்கு குறைந்துதான் வரும். அப்புறம் நான்கு பாட்டிலில் பிரித்து, கெடாமல் இருக்க ஃபார்மலின் சொட்டு விட்டு, முத்திரை வைத்தார். பாலுக்குக் காசு நீட்டினார். "இருக்கட்டும் சார்" என்றேன். "வாங்கித்தான் ஆகணும், சட்டம்" என்றார்.

அந்த நான்கில் ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும். நம் பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. இரண்டு, மாவட்ட உணவு பாதுகாப்புப் பொறுப்பில் உள்ள நியமன அலுவலரிடம் இருக்கும். மிச்சம் ஒன்றை, அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு நம் செலவில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் அன்றைக்குக் கேட்கவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும், கொழுப்பு நீங்கிய திடப்பொருள் 8.3 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விட்டுவிடாதீர்கள்.

பால் விற்க உணவு பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லையே? எனக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான் ஆனது. கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குப் பதிவு வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்குத்தான் அது. காலைப் பால் சங்கத்துக்கு, சாயங்காலப் பால் தெருவுக்கு என்று ஓட்டுபவர்கள் அந்தச் சலுகையைச் சொல்லித் தப்ப முடியாது.

கேள்வி: பதிவு பெற்ற பண்ணையில்தான் பால் வாங்குகிறோம். அதிகாரிகள் சோதித்த பால்தானே, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சாமலே கொடுக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கூடவே கூடாது தாயி. உணவு பாதுகாப்பு அலுவலர் பாலைப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். மடி கால்நடை மருத்துவரின் பாடு. அவர் தடுப்பூசிக்கும் சினை ஊசிக்கும் வருவார், மற்றபடி நாம் கூப்பிட்டால்தான். இரண்டு பேரையும் ஒரே தொழுவத்தில் சேர்த்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காசநோயும், மாட்டுக்குச் சினை கலைக்கும் கன்றுவீச்சு நோயும் பால் வழியாக மனிதருக்கு வரும், பால் என்னவோ வெள்ளையாகத்தான் இருக்கும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் கன்றுவீச்சுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பால்காரரிடம் கேளுங்கள். முழித்தார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். போட்டிருந்தாலும் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் செவலைக்கு ஒரு காம்பில் மடிநோய் வந்தது. ஊசி போட்ட டாக்டர், மூன்று நாள் பாலைக் கீழேதான் ஊற்ற வேண்டும் என்றார். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. எட்டு லிட்டரைச் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. பேரனுக்கு ஒரே மாட்டுப் பால்தான் வேண்டும் என்று செவலைப் பாலை வாடிக்கையாக வாங்கும் ஆச்சி ஒருத்தி உண்டு. அவள் வீட்டில் ஊற்றிவிட்டேன். மறுநாள் வாசலிலேயே சட்டியோடு நின்றாள். "ஏலே, இது என்ன பால்? ராத்திரி பூரா வச்சும் உறை விழல. சட்டியச் சாச்சா தண்ணியா ஓடுது." பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரில், நல்ல பால் போலவே 28 காட்டிய பால் அது. மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இறங்கி, உறைமோரில் உள்ள பாக்டீரியாவையும் அமுக்கிவிட்டது. அந்த மருந்து காய்ச்சினாலும் போகாது. அந்த மாதக் கணக்கில் இரண்டு நாள் காசைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தாள், நான் வாய் திறக்கவில்லை. இப்போது கறக்கும் முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்க்கிறேன். திரி திரியாக விழுந்தால் அந்த மாட்டுப் பால் கேனுக்குள் போகாது.

கேள்வி: லாக்டோமீட்டரில் 28 காட்டினால் நல்ல பால்தானே?
– வாசகர், களக்காடு

பதில்: மேலே ஆச்சி கதையைப் படியுங்கள். இன்னொன்று, தண்ணீர் ஊற்றினால் டிகிரி இறங்கும், ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் அளவாகச் செய்யத் தெரிந்தவர் உங்கள் கண்முன்னே 28 காட்டுவார். சொந்த மாட்டுப் பாலைப் பார்ப்பதானால் நுரை அடங்கி ஆறிய பிறகு பாருங்கள். கறந்த சூட்டில் குறைத்துக் காட்டும். வீணாக வீட்டில் சண்டை வரும்.