கௌபாய் வேடம் கட்டி ஆடும் டிராக் (வேறு பாலினத்தவராக வேடமிட்டு ஆடும் மேடைக் கலை) நிகழ்ச்சி ஆண்மையை எப்படிக் கேள்வி கேட்கிறது?

கௌபாயே பாதி மேடையில் பிறந்தவன்தான். அமெரிக்காவில் மாட்டு மந்தையை ரயிலடிவரை ஓட்டிப்போவது 1860-களில் பெருகி, சுமார் இருபது ஆண்டுகளில் ஓய்ந்துபோன கூலி வேலை. அதைச் செய்தவர்களில் மெக்சிகோக்காரர்களும் கறுப்பினத்தவரும் கணிசம். அவனைத் துப்பாக்கி வீரனாக்கியதில் பஃபலோ பில் என்ற காட்சிக்காரர் 1883-இல் தொடங்கிய சாகசக் காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. டிராக் கலைஞர் அந்த வேஷத்தைக் காட்டிக்கொடுக்கிறார், அவ்வளவே.

முதலில் நடை. எடையைக் குதிகாலில் போட்டு, இடுப்பை அசைக்காமல், கட்டைவிரல்களை பெல்ட்டில் மாட்டி, எட்டு எண்ணிக்கைக்கு நாலே அடி. இதையே மாற்றாமல் மூன்று முறை. நான்காவது சுற்றில் மணிக்கட்டை மட்டும் தளர்த்தினால் போதும்; அதுவரை இயல்பாகத் தெரிந்தது பழக்கிய நடை என்று பிடிபட்டுவிடும். எடுத்த எடுப்பிலேயே மிகைப்படுத்தினால் சிரிப்பு வரும், கேள்வி வராது. பலர் சறுக்குவது இங்கேதான்.

தாடிக்கு ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவி, பிசுபிசுக்கும்வரை பொறுத்து, பொடியாக நறுக்கிய முடியை ஒற்ற வேண்டும். ஈரத்திலேயே ஒட்டினால் வியர்வையில் மூக்கடியில்தான் முதலில் கிளம்பும். மார்பைத் தட்டையாக்க கிரேப் பேண்டேஜ் வேண்டவே வேண்டாம். ஆட ஆட இறுகி மூச்சு முட்டும். ரப்பர் அடி பூட்ஸும் ஆகாது, சுழலும்போது தரையைப் பிடித்து முழங்காலைத் திருகிவிடும்.

இது மேடையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோவில் 1976-இல் தொடங்கிய கே ரோடியோ (தன்பாலின ஈர்ப்பாளர்களின் கௌபாய் திறன் போட்டி) மரபில் ஓர் ஆண், ஒரு பெண், டிராக் உடையில் ஒருவர் என மூவர் அணிப் போட்டி உண்டு. காளைமேல் ஏறிக் கோட்டைத் தாண்ட வேண்டியவர் கவுன் போட்டவர்தான்.