முதல் ஆப்பிரிக்கப் பேராயர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் பேராயரானபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை என்று படித்தேன். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, அடிமையாக விற்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்கர் பேராயராக இருந்தார் என்கிறார் என் நண்பர். இது உண்மையா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: உண்மைதான். உங்கள் நண்பர் குறிப்பிடுவது சாமுவேல் அஜாயி கிரௌதரை. இன்றைய நைஜீரியாவின் யொருபா நாட்டில், ஒசோகுன் என்ற ஊரில், 1809ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். 1821இல் ஊர் சூறையாடப்பட்டபோது தாயோடும் சகோதரிகளோடும் பிடிபட்ட அஜாயி, ஒரு கட்டத்தில் குதிரை ஒன்றுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டு, பலரிடம் கைமாறி, கடைசியில் லாகோஸ் கரையில் போர்த்துகீசிய வணிகரிடம் போய்ச் சேர்ந்தார். 1822 ஏப்ரலில் அவரை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று மறித்துப் பிடித்து, உள்ளே இருந்தவர்களைச் சியரா லியோனில் கரையிறக்கியது. இப்படி விடுவிக்கப்பட்டவர்களால் நிறைந்த குடியேற்றம் அது. அங்கே சர்ச் மிஷனரி சங்கத்தின் பள்ளியில் எழுத்தறிந்து, 1825இல் திருமுழுக்குப் பெற்று, இங்கிலாந்தைச் சேர்ந்த குருவானவர் ஒருவரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டார். 1827இல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது 1841ஆம் ஆண்டின் நைஜர் ஆற்றுப் பயணம். அடிமை வணிகத்துக்கு மாற்றாக நேர்மையான வாணிபத்தை உள்நாட்டில் நிலைநாட்டலாம் என்ற எண்ணத்தோடு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அப்பயணத்தில், காய்ச்சலால் நாற்பது பேரளவில் ஐரோப்பியர் இறந்துபோனார்கள். மொழிபெயர்ப்பாளராகச் சென்ற கிரௌதர் தெம்பாகத் திரும்பிவந்தார். உள்நாட்டுப் பணிக்கு ஆப்பிரிக்கரே ஏற்றவர் என்ற முடிவுக்குச் சங்கம் வந்ததற்கு இறையியலைவிடக் கொசுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1843இல் லண்டனில் அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்பட்டது.

குருவானவராகத் தம் மக்களிடையே பணியாற்ற அபெயொகுட்டா நகருக்கு வந்த அவருக்கு, 1846 ஆகஸ்டில், தாய் உயிரோடிருப்பதாகச் செய்தி கிடைத்தது. பிரிந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவரும் நேருக்கு நேர் நின்றபோது நெடுநேரம் பேச்சே எழவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அத்தாய் திருமுழுக்குப் பெற்று, விவிலியத்தில் வரும் சாமுவேலின் தாயுடைய பெயரான அன்னாள் என்ற பெயரை ஏற்றார்.

1864 ஜூன் 29ஆம் நாள், கேன்டர்பரி பேராலயத்தில் கிரௌதர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் அவரே.

கேள்வி: நம் கால்டுவெல்லும் அதே காலத்துப் பேராயர்தானே? இருவருக்கும் ஒப்புமை உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உண்டு, ஆனால் ஓரளவுக்குத்தான். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். கிரௌதர் யொருபா மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதி, அதன் விவிலிய மொழிபெயர்ப்பில் முதன்மைப் பங்கு வகித்தார். இருவரும் 1891இல் மறைந்தனர். கால்டுவெல் ஆகஸ்டில் கொடைக்கானலில், கிரௌதர் டிசம்பர் 31ஆம் நாள் லாகோசில். ஆயினும் கால்டுவெல் வேற்றுமொழிக்குள் வந்து கற்றவர்; கிரௌதரோ தாய்மொழியை எழுத்தில் நிறுத்தியவர். விவிலியத்துக்குச் சொல் தேடியபோது, பெரியவர்களிடமும் பழமொழிகளிலும் செவிகொடுத்துப் பொறுக்கியெடுத்தவற்றையே அவர் நம்பினார். 1877இல் கால்டுவெல்லும் திருநெல்வேலி மிஷனரியான சார்ஜென்ட்டும் சென்னைப் பேராயருக்கு உதவிப் பேராயர்களாகத்தான் அமர்த்தப்பட்டனர். பதவிப் பெயரளவில் பார்த்தால் கிரௌதர் அவர்களைவிட உயர்ந்த நிலையில் இருந்தார். அந்த உயர்வின் உண்மை நிலையை அடுத்த கேள்வி தொடுகிறது.

கேள்வி: அத்தகையவரைத் திருச்சபையே பின்னாளில் ஒதுக்கிவைத்தது என்கிறார்களே, நிர்வாகத்தில் அவர் தவறினாரா? (திருச்சி வாசகர்)

பதில்: தவறு அவருடைய ஆட்சியில் நுழைவதற்கு முன்பே, அவருக்குத் தரப்பட்ட பதவியின் அமைப்பில் இருந்தது. சர்ச் மிஷனரி சங்கச் செயலாளர் ஹென்றி வென், எந்த நாட்டுச் சபையும் தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே பரப்பிக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை உடையவர். கிரௌதரைப் பேராயராக்கியதும் அவருடைய பிடிவாதம்தான். ஆனால் அபெயொகுட்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஹென்றி டவுன்சென்ட் போன்ற ஐரோப்பிய மிஷனரிகள், கறுப்பர் ஒருவருக்குக் கீழ்ப்படிய மறுத்தனர். வென் அவர்களோடு மோதவில்லை. பிரிட்டிஷ் ஆட்சி எல்லைக்கு வெளியே உள்ள மேற்கு ஆப்பிரிக்கா கிரௌதருடையது என்று அவருடைய நியமன ஆணை சொன்னது. நடைமுறையில் ஐரோப்பியர் பணியாற்றிய யொருபா ஊர்கள் அவர் கைக்கு வரவில்லை. தம் மொழி பேசப்படாத நைஜர் ஆற்றங்கரையே எஞ்சியது. யொருபா விவிலியத்தை உருவாக்கியவர், தம் மந்தையோடு பேச மொழிபெயர்ப்பாளரை நாட வேண்டியதாயிற்று. இதைவிடப் பொருத்தமற்ற ஏற்பாட்டைத் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் செய்திருக்க முடியாது.

அந்த நிலையிலும் அவர் சாதித்தவை சிறியவை அல்ல. ஆற்றின் கழிமுகத்தில் உள்ள பொன்னி நகரில் உடும்புகள் தெய்வமாகப் போற்றப்பட்டு, தெருவெங்கும் தடையின்றித் திரிந்தன. 1867 ஈஸ்டர் திருநாளில் அவ்வூர் மன்னரே அவ்வழிபாட்டைக் கைவிடுவதாக அறிவித்தார். வடக்கே முஸ்லிம் ஆட்சியாளர்களிடம் கிரௌதர் நடந்துகொண்ட முறை அதைவிட நுட்பமானது. 1872இல் இலோரின் அமீரின் அவையில் கேள்விகள் எழுந்தபோது, வாதத்தில் வெல்ல முயலாமல், கையிலிருந்த யொருபா விவிலியத்தின் பகுதிகளையே விடையாக வாசித்தார்; இரு சமயத்தாரும் அறிந்த கபிரியேல் தூதரையும் மரியாளையும் பற்றிய செய்திகளிலிருந்து உரையாடலைத் தொடங்குவது அவர் வழக்கம். தம்மைவிட இளையவர்களான ஐரோப்பிய மிஷனரிகளிடம் இந்தப் பொறுமை இருந்திருந்தால் அவருடைய இறுதி நாட்கள் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

குறைகளும் இருந்தன. பெரும்பாலும் சியரா லியோனிலிருந்து வந்த உபதேசியார்களும் ஆசிரியர்களும் நெடுந்தொலைவுகளில் சிதறிக் கிடந்தனர். பேராயர் லாகோசிலிருந்து, பல ஆண்டுகள் வணிகக் கப்பல்களின் தயவில்தான், அவர்களைப் பார்க்கப் போக முடிந்தது. பணியாளர் சிலரின் ஒழுக்கத்தைப் பற்றி எழுந்த புகார்கள் எல்லாமே பொய் அல்ல. பெரியவர் இளகிய மனத்தினர், கண்டிப்பதைவிட மன்னிப்பதில் விரைந்தவர். ஆனால் 1873இல் வென் மறைந்த பின், சங்கத்தின் நோக்கே மாறியிருந்தது. நைஜர் வாணிபத்தில் ஐரோப்பியக் கம்பெனிகளின் பிடி இறுகி, குடியேற்ற ஆட்சியின் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது; காய்ச்சலுக்குக் கொயினா கைவந்துவிட்டதால், ஐரோப்பியரை அனுப்பத் தயங்கவேண்டிய கட்டாயமும் குறைந்தது. முதலில் நிதிப் பொறுப்பு அவர் கையிலிருந்து நழுவியது. பிறகு, இருபதுகளைத் தாண்டாத கிரகாம் வில்மட் புரூக் உள்ளிட்ட தீவிரமான இளைஞர்கள் வந்து, ஆப்பிரிக்கப் பணியாளர்களை ஒவ்வொருவராகக் களையெடுத்தனர்.

1890 ஆகஸ்டில் நைஜர் கரையிலுள்ள ஒனிட்சாவில் கூடிய சங்கத்தின் நிதிக் குழுவில், எண்பது வயதைக் கடந்த பேராயர் தலைமை இருக்கையில் அமர்ந்திருக்க, அவர் மகனும் தலைமைக் குருவுமான டாண்டிசன் உட்படப் பலர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். குருக்களை நிறுத்திவைக்கும் அதிகாரம் பேராயருக்குரியதா, குழுச் செயலாளருக்குரியதா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அவர் குழுவிலிருந்து விலகினார். பேராயர் பதவியைத் துறக்கவில்லை. கழிமுகச் சபைகள் தம் செலவைத் தாமே ஏற்று, சங்கத்தைச் சாராமல் இயங்கும் திட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தபோதே அடுத்த ஆண்டு பக்கவாதம் தாக்கி, ஆண்டின் இறுதி நாளில் காலமானார். அவரைக் குற்றம் சாட்டிய புரூக்கும் 1892இல் காய்ச்சலில் இறந்தார். அவ்வாண்டே கழிமுகச் சபைகள் தனியே அமைந்தன.

பேராயர் இடத்துக்கு ஆங்கிலேயர் ஒருவரே வந்தார். ஒலுவோலே, பிலிப்ஸ் என்ற இரண்டு ஆப்பிரிக்கர் உதவிப் பேராயர்களாக மட்டும் அமர்த்தப்பட்டனர். முழுப் பொறுப்புடைய ஆப்பிரிக்கப் பேராயர் மீண்டும் நைஜீரியாவில் அமர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. கேன்டர்பரி பேராலயத்தில் 2014இல் நடந்த நூற்றைம்பதாம் ஆண்டு வழிபாட்டில், பிரதமப் பேராயர் வெல்பி இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

முதல் கேள்வியைக் கேட்ட பாளையங்கோட்டை வாசகருக்கு ஒரு சொல்: திருநெல்வேலித் தமிழரான அசரியாவும் தெலுங்கு நாட்டில்தான் பேராயரானார், அவருக்கும் ஐரோப்பிய மிஷனரிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ஆயினும் தோர்ணக்கல் திருமண்டலம் விரிந்தபோது, ஐரோப்பியக் குருக்களும் அவருடைய ஆளுகைக்குள் வந்தனர். கிரௌதருக்கு மறுக்கப்பட்டது அதுதான்.