பிடித்த பாட்டை அலாரமாக வைத்தும் எழுந்திருக்க முடியவில்லை. போனில் என்ன ஒலி வைக்கலாம், எப்படி மாற்றுவது?

முதலில் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள். அலாரம் பாட்டை ஆரம்பத்திலிருந்துதான் ஒலிக்கவிடும். நம் பாட்டுகளில் பல மெல்லிய புல்லாங்குழலோ வயலினோ வைத்து நிதானமாகத்தான் தொடங்கும், பல்லவி வருவதற்குள் கை தானாகப் போய் அணைத்துவிடும். நானும் கல்லூரி விடுதியில் இருந்தபோது காலை 5 மணிக்கு ஒரு பாட்டை வைத்திருந்தேன். இன்றைக்கும் அதை எங்காவது பஸ்ஸில் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது, அவ்வளவு நல்ல பாட்டு அது.

ஒலியைத் தேர்ந்தெடுப்பது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, யார் காதில் விழ வேண்டும் என்பதுதான் முக்கியம். இதை எனக்குப் புரியவைத்தது அப்பாவின் போன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மயிலாடுதுறை பக்கம் ஊரில் இருக்கிறார். நான் சென்னையிலிருந்து நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறை எடுப்பார். போன் பக்கத்திலேயே இருந்தாலும் இதே கதைதான், கேட்டால் அடிக்கவே இல்லை என்பார். வேண்டுமென்றே எடுப்பதில்லை என்று நாங்கள் கோபப்பட்டிருக்கிறோம். ஒருநாள் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது அந்த வரைபடத்தைப் பார்த்தேன்: தாழ்ந்த ஒலிகள் ஓரளவு சரி, 2000 ஹெர்ட்ஸுக்கு (ஒலி எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதற்கான அளவு) மேலே கோடு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. வயதானால் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தானாம். போனோடு வந்த ரிங்டோனோ கண்ணாடி வளையல் உரசுவது போல அந்த உயரத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது முழு உண்மை. அவரைப் பொறுத்தவரை அது அடிக்கவே இல்லை.

சரி, கனமான ஒலியாக வைப்போம் என்று ஊர்த் திருவிழாவில் நானே பதிவு செய்திருந்த தவிலை வைத்தேன். பயனில்லை. போனின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்ப முடியாது, டக் டக் என்று மேசையைத் தட்டுகிற மாதிரிதான் வந்தது. அப்புறம் அதே பதிவிலிருந்து நாதஸ்வரம் தனியாக வரும் 20 விநாடியை வெட்டி வைத்தேன். ஃபேன் ஓட, டிவி ஓட, கொல்லைப்புறத்தில் நிற்கும் அப்பாவுக்கும் கேட்டது. நடுத்தர உயரத்தில் இருக்கும் அடர்த்தியான ஒலிதான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் ஹோட்டல் படுக்கையறைத் தீ அலாரங்களுக்கு 520 ஹெர்ட்ஸ் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான். வழக்கமான 3100 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட இது தூங்குகிறவர்களை நன்றாக எழுப்புகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், காது மந்தமானவர்களையும் சேர்த்து.

உங்கள் காது நன்றாக இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மெல்போர்னில் உள்ள ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 50 பேரிடம் கேட்டுப் பார்த்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பீப் பீப் என்று அடிக்கும் அலாரத்தைவிட மெட்டுள்ள ஒலியில் எழுந்தவர்களுக்குத் தூக்கக் கலக்கம் குறைவாக இருந்ததாகத் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் என் அனுபவத்துக்கு ஒத்துவருகிறது. மெட்டு இருக்கட்டும், முதல் விநாடியிலேயே தொடங்கட்டும், மனதுக்கு ரொம்ப நெருங்கிய பாட்டாக மட்டும் வேண்டாம்.

மாற்றுவது எளிதுதான். ஆண்ட்ராய்டு என்றால் ஃபைல் மேனேஜரில் 'அலார்ம்ஸ்', 'ரிங்டோன்ஸ்' என்று ஃபோல்டர்கள் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் அதே பெயரில் உருவாக்கிக்கொள்ளலாம். வெட்டிய ஆடியோவை அதில் போட்டால் பட்டியலில் தானாக வந்துவிடும். கூகுள் கிளாக்கில் அலாரத்தைத் திறந்து மணிப் படத்தைத் தொட்டு நேரடியாகவும் சேர்க்கலாம். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்த பாட்டு தனி ஃபைலாக வெளியே வராது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஐபோனில் கராஜ்பேண்ட் என்ற ஆப்பிளின் இசை ஆப் மூலம் 30 விநாடி வரை ரிங்டோன் செய்யலாம். ரிங்டோனின் வால்யூமைக் குறைத்தால் அங்கே அலாரமும் சேர்ந்து குறையும், அதனால் செட்டிங்ஸில் போய் பக்கவாட்டு பட்டனால் அது மாறாதபடி செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் இரண்டுக்கும் தனித்தனி வால்யூம்.

ஒவ்வொருவருக்கும் தனி ரிங்டோன் வைக்க, ஆண்ட்ராய்டில் கான்டாக்ட்டைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அவர்களை ஸ்டார் போட்டு வைத்து, 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருக்கும்போதும் ஸ்டார் போட்டவர்களின் அழைப்பு வரும்படி அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்டில், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் ஒலிக்கவிடும் வசதியும் இருக்கிறது.

அப்பாவின் மாத்திரை நேரத்துக்கு என் மகளின் குரலைப் பதிவு செய்து வைத்தேன். "தாத்தா, சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை, சின்ன வெள்ளை." எந்த மாத்திரை என்பதையும் ஒலியே சொல்லிவிடுகிறது. அவரும் போனைப் பார்த்து "போட்டாச்சும்மா" என்று பதில் சொல்வார், அம்மா சொல்லித் தெரியும். ஒருமுறை இடம் போதவில்லை என்று போனைச் சுத்தம் செய்த யாரோ அந்த ஃபைலையும் அழித்துவிட்டார்கள். ஃபைல் இல்லையென்றால் போன் பழைய கீச்சொலிக்கே திரும்பிவிடும். அது அவர் காதில் விழவில்லை, இரண்டு நாள் மாத்திரை தவறிப்போனது. அதிலிருந்து எல்லா ஒலிகளுக்கும் என்னிடம் ஒரு நகல் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு நிமிடம் தள்ளி ஒரு அலாரம் வைத்து, போனை லாக் செய்து, அடுத்த அறையில் நின்று கேட்டுப் பார்க்கிறேன்.