மொர்தெகாய் பிரவுனின் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்க பேஸ்பால் வீரர் மொர்தெகாய் பிரவுனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சிறுவயதில் எந்திரத்தில் விரலை இழந்ததால்தான் அவர் வீசிய பந்து அப்படி வளைந்தது என்றால், அவருடைய புகழ் முழுவதும் ஒரு விபத்தின் கொடை என்றுதானே ஆகிறது? 1906-ல் ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு அவர் கணக்கில் எழுதப்பட்ட ரன்களின் சராசரி 1.04 என்கிறார்கள். ரன்னே அரிதாக இருந்த காலத்தின் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? அவரும், அக்காலத்தின் இன்னொரு புகழ்பெற்ற பந்துவீச்சாளரான கிறிஸ்டி மேத்யூசனும் தங்கள் கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள் என்பது உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் முதல் கேள்வி அவருடைய பட்டப்பெயரிலேயே இருக்கிறது. ‘மூன்று விரல் பிரவுன்’ என்று அழைக்கத் தொடங்கியபோதே அவருடைய சாதனையில் பாதியை அந்த எந்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சக வீரர்கள் அவரைச் ‘சுரங்கக்காரர்’ என்றும் அழைத்தார்கள். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பதால் வந்த அந்தப் பெயர்தான் அவருக்குப் பொருந்துகிறது.

அவர் 1876-ல் இண்டியானா மாநிலத்தின் நைஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது கால்நடைத் தீவனம் வெட்டும் எந்திரத்தில் வலது கை சிக்கி, ஆட்காட்டி விரலின் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள் கீழே விழுந்து மற்ற விரல்களையும் முறித்துக்கொண்டார். அவை கோணலாகவே கூடிவிட்டன. அந்தக் கையின் புகைப்படத்தை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஆட்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டையான முண்டு இருக்கிறது; நடுவிரல் நேராக நீளாமல் வளைந்து நிற்கிறது. பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழுவதில்லை. ஏமாற்ற வேண்டியதையெல்லாம் காற்றிலேயே ஏமாற்றியாக வேண்டும். சாதாரணக் கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பந்தைக் கடைசியாகத் தள்ளிவிடுகின்றன. பிரவுனின் கையிலோ பந்து வளைந்த நடுவிரலையும் அந்த முண்டையும் உரசிக்கொண்டு வேறு விதமான சுழற்சியோடு கிளம்பியது. பேட்டரை நெருங்கும்போது அது சட்டென்று கீழே இறங்கும். பந்தின் தலையில் அடித்தவர்களுக்குத் தரையோடு உருளும் அடிதான் கிடைத்தது. அதை எடுத்து எறிய டிங்கர், எவர்ஸ், சான்ஸ் போன்ற தேர்ந்த ஃபீல்டர்கள் பின்னால் நின்றார்கள்.

விபத்து கொடுத்தது இவ்வளவுதான். கையே பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, உண்டாக்கும் என்றால் அவர் பதினைந்து வயதிலேயே பிட்சராகியிருக்க வேண்டும். அவரோ சுரங்க ஊர்களின் அணிகளில் மூன்றாம் பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது தளத்தில்) ஃபீல்டராக நின்று ஆடிக்கொண்டிருந்தவர். பெரிய லீகில், செயின்ட் லூயிஸ் அணிக்காக, 1903-ல் நுழைந்தபோது வயது இருபத்தாறு. முதல் ஆண்டில் 9 வெற்றி, 13 தோல்வி. அந்த அணி அவரைச் சிகாகோவின் கப்ஸ் அணிக்குக் கைமாற்றிவிட்டது. அங்கேதான் 1906 முதல் 1911 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு இருபது வெற்றிக்குக் குறையாமல் ஈட்டினார். இன்னொரு எண்ணும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1908-ல் 312 இன்னிங்ஸ் வீசிய அவர், நான்கு தப்பான பந்துகளால் பேட்டரை முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டது 49 முறை மட்டுமே. ஒரு முண்டு பந்தை வளைக்கலாம். அதை வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காது. அது ஆண்டுக்கணக்கான பயிற்சியில் மட்டுமே கைகூடும்.

சராசரியைப் பற்றி உங்கள் ஐயம் நியாயமானது. ஒரே பந்து அழுக்கேறி, மென்மையாகி, கண்ணுக்கும் சரியாகத் தெரியாமல் போகும்வரை ஆடிய காலம் அது. எச்சில் தடவி வீசுவதற்கும் தடை இல்லை. ஆனால் அந்த வசதி எல்லாப் பிட்சர்களுக்கும் பொதுவாக இருந்தது. 1906-ல் அவருடைய லீகின் மொத்தச் சராசரியே ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டரை ரன்னுக்குச் சற்று மேல்; பிரவுன் கொடுத்தது ஒரு ரன். ஆகவே அந்த எண்ணை நம்பலாம். அதே ஆண்டு 116 ஆட்டங்களை வென்ற கப்ஸ், ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் உள்ளூர்ப் போட்டியாளரான ஒயிட் சாக்ஸிடம் தோற்றது என்பதையும், அதில் பிரவுன் இரண்டு ஆட்டங்களை இழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவரை அறிய ஒரே ஒரு நாள் போதுமென்றால் நான் 1908 அக்டோபர் 8-ஐத்தான் காட்டுவேன். நியூயார்க் ஜயண்ட்ஸும் கப்ஸும் லீக் பட்டியலின் முதலிடத்தில் சமநிலையில் நிற்க, செப்டம்பரில் முடிவில்லாமல் போன ஓர் ஆட்டத்தை நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் மறுபடி ஆடினார்கள். எதிரில் மேத்யூசன். கப்ஸின் முதல் பிட்சர் முதல் இன்னிங்ஸிலேயே தடுமாற, இரண்டு பேஸ்களில் ஆள் நின்றிருந்தபோது பிரவுன் உள்ளே வந்து நிலைமையைச் சமாளித்தார். ஏழாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாமல் மூன்று பேஸிலும் ஆள் நின்றபோதும் ஒரு ரன்னுக்கு மேல் விடவில்லை. கப்ஸ் 4-2 என்று வென்று, பிறகு டெட்ராய்டையும் தோற்கடித்து உலகத் தொடரைக் கைப்பற்றியது. அடுத்த முறை அதைக் கைப்பற்ற அந்த அணிக்கு 108 ஆண்டுகள் ஆயின.

கடைசி ஆட்டச் செய்தி உண்மைதான். 1916 செப்டம்பர் 4 அன்று சிகாகோவில் இருவரும் எதிரெதிரே வீசினார்கள். மேத்யூசன் அப்போது சின்சினாட்டியின் மேலாளர்; பிரவுனுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரின் பந்தையும் பேட்டர்கள் வெளுத்து வாங்கினார்கள். 10-8 என்று மேத்யூசன் வென்றார். பிரவுன் பின்னாளில் தன் மாநிலத்தின் டெரா ஹோட் நகரில் ஒரு பெட்ரோல் பங்க் நடத்தினார். 1948 பிப்ரவரியில் இறந்தார். மறு ஆண்டுதான் அவரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.