மூடிய டிரைவ்-த்ரூ கடையைக் கட்டடத்தோடு விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா?

கேள்வி: நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் டிரைவ்-த்ரூ (காரை விட்டு இறங்காமலே ஜன்னலில் வாங்கிப் போகும்) பர்கர் கடை மூன்று வருடமாக மூடிக் கிடக்கிறது. அந்த இடத்தில் வேறு ஏதாவது கட்ட நினைப்பவர்களுக்கு விற்கலாம் என்றிருக்கிறோம். கார் போகும் பாதை, ஜன்னல், சமையலறை எல்லாம் தயாராக இருப்பதால் அதற்கும் சேர்த்து விலை கேள் என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன். கேட்கலாமா, இல்லை இடித்துவிட்டு விற்கலாமா?

பதில்:

கேட்கலாம், கிடைக்காது. நான் கேட்டுப் பார்த்து ஒன்றே கால் வருடம் வீணடித்தவன், அதனால் சொல்கிறேன். அதற்காக அவசரப்பட்டு இடித்தும் விடாதீர்கள்.

எங்கள் இடம் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், க.க.சாவடி தாண்டி, கேரள எல்லையான வாளையார் போகிற வழியில் இருந்தது. 32 சென்ட், அதாவது கிட்டத்தட்ட 14,000 சதுர அடி. அதில் கட்டடம் 1,300 சதுர அடிதான், மற்றதெல்லாம் கார் சுற்றி வரும் பாதையும் நிறுத்துமிடமும். என் மச்சான் சென்னையில் படித்தபோது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் சாப்பிட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஆசை. அந்த டிரைவ்-இன் 2008-ல் மூடி, அந்த நிலம் 2010-ல் செம்மொழிப் பூங்கா ஆகிவிட்டது, இவருடைய ஆசை மட்டும் அப்படியே இருந்தது. காரில் உட்கார்ந்தே சாப்பிடுவது வேறு, ஜன்னலில் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பது வேறு என்று எங்களுக்கே கடை திறந்த பிறகுதான் உறைத்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி இறங்கி, "உட்கார எடம் எங்கீங்க? பாத்ரூம் எங்கீங்க?" என்றுதான் கேட்டார்கள். பின்னால் நிற்கிற கார் ஹாரன் அடிக்கும்.

வாளையாரில் வண்டிகள் சோதனைச் சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் கடைக்குப் போட்ட கணக்கு அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்ததும் வரிசை குறைந்தது, எங்கள் வாசலில் யாரும் வேகத்தைக் குறைப்பதே இல்லை. கோவையில் சாப்பிட்டுக் கிளம்பினால் அடுத்து பாலக்காடுதான். 2019 கடைசியில் மூடினோம்.

உங்கள் சித்தப்பா மகன் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே பழைய டிரைவ்-த்ரூ கட்டடத்தை இன்னொரு காபிக் கடையோ வங்கியோ மருந்துக் கடையோ அப்படியே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் ஜன்னலும் பாதையும் அவர்களுக்கும் வேண்டும். சில நகரங்களில் அந்த ஜன்னலுக்கு அனுமதி வாங்குவதே பெரிய பாடு. மினியாபோலிஸில் 2019-ல் புதிய டிரைவ்-த்ரூக்களையே தடை செய்துவிட்டார்கள், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜன்னலுக்கு விலை இருப்பது நியாயம்தான். இடத்தை விற்கிற பர்கர் கம்பெனிகள் இந்த இடத்தில் இத்தனை வருடத்துக்குப் போட்டி உணவகம் வரக்கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவதும் அங்கே உண்டு. நம் ஊரில் வாங்குகிறவர் அளப்பது ரோட்டு முகப்பு எத்தனை அடி என்பதைத்தான். ஜன்னலை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

நாங்கள் செய்த முதல் தப்பு, "முழு செட்டப்புடன் உணவகம் விற்பனைக்கு" என்று போர்டு வைத்தது. வந்தவர்கள் எல்லாம் கையில் காசில்லாத ஹோட்டல் ஆசைக்காரர்கள். வாடகைக்குத் தருவீங்களா, பார்ட்னராகச் சேர்த்துக்குவீங்களா, ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டுமா. நடுவில் கொரோனா ஊரடங்கு வேறு. கடைசியில் புரோக்கர்தான், "அண்ணா, மொதல்ல அந்த பர்கர் படத்தை எறக்குங்க, அதைப் பாத்துட்டு எடம் வாங்கறவன் வண்டிய நிறுத்தவே மாட்டேங்கறான்" என்றார். படத்தை இறக்கினோம், அடுப்பு, ஃப்ரையர், ஃப்ரீசர் எல்லாவற்றையும் தனியாக விற்றோம், "32 சென்ட், ரோட்டு முகப்பு" என்று மட்டும் எழுதி வைத்தோம். அந்த மாதமே கிடங்கு கட்டுகிறவர்கள், கல்யாண மண்டபக்காரர், ஒரு பெட்ரோல் பங்க் ஆசாமி என்று வேறு ரக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அதில் ஒருவரிடம் மாட்டினோம். இந்த மாதிரி இடத்தை இடித்துக் கட்ட வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: இப்போது கொஞ்சம் அட்வான்ஸ், பிளான் அப்ரூவல் வந்ததும் பாக்கி. கேட்பதில் தப்பில்லை, அவருக்கும் பயம் இருக்கும்தானே. எங்கள் பக்கம் மலையடிவாரக் கிராமங்கள் பலவும் ஹாகா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) எல்லைக்குள் வருவதால் தடையின்மைச் சான்று அது இது என்று இழுக்கும். ஆனால் தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து 11 மாதக் கெடு எழுதிய அந்த ஆள் ஐந்தாவது மாதத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கெடு முடிந்த பிறகும் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு "இவர் யாருங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவரைத் தேடிப் பிடித்து, வாங்கிய அட்வான்ஸுக்கு மேல் கொஞ்சம் "செலவு" கொடுத்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்கள் எழுதினால் கெடுவைக் குறுக்குங்கள், அட்வான்ஸை அவர் விட்டுவிட்டு ஓட மனம் வராத அளவுக்கு வாங்குங்கள். "பவர் எழுதிக் கொடுங்கள், கூட்டாகக் கட்டலாம்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள், அது வேறு கதை.

அடுத்து பாலக்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். டைல்ஸ் வியாபாரம், கிடங்கும் ஷோரூமும் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். முதல் சந்திப்பிலேயே "ஆதாரம் உண்டோ?" என்றார், நான் ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். மலையாளத்தில் ஆதாரம் என்றால் பத்திரம். அடுத்து, "போக்குவரவு கழிஞ்ஞோ?" போக்குவரவுக்கு என்ன சார், ராத்திரி பகலாக வண்டி போகுது என்று நான் பெருமையாக ரோட்டைக் காட்ட, என் மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கேட்டது பட்டா மாறுதல். சிரித்துவிட்டு பட்டாவை எடுத்துப் பார்த்தால் அது இன்னும் எங்கள் தாத்தா பெயரில். பத்திரம் அப்பா பெயரில், வரி ரசீது அப்பா பெயரில், மின் இணைப்பு என் பெயரில், பட்டா மட்டும் இறந்து இருபது வருடமான தாத்தா பெயரில். வாரிசுச் சான்றிதழ், அத்தைகளின் கையெழுத்து, சர்வேயர் வந்து அளப்பது என்று ஐந்து மாதம் போனது. அந்த மனிதர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருக்க மாட்டார்கள், அதனால் போர்டு வைப்பதற்கு முன்பே நீங்கள் இதைப் பாருங்கள்.

இதற்குள் இன்னொருவரும் கூடுதல் விலையோடு வந்தார், நமக்குக் குழப்பம். அதைத் தீர்த்து வைத்தது 2023 மார்ச் பட்ஜெட். 2017-ல், பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை 33% குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4% ஆக்கியிருந்தார்கள், முத்திரைத் தீர்வை 7%, ஆக 11%. 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2% ஆக்கினார்கள், ஆக 9%. வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறவருக்கு 67 ரூபாய்க்கு 11% கட்டுவது, 100 ரூபாய்க்கு 9% கட்டுவதைவிட லாபம். முழு விலையையும் காட்டுகிறவருக்கு நேர்மாறு, 11-ஐ விட 9 லாபம். கூடுதல் விலை சொன்னவர் மார்ச் 31-க்குள் முடிச்சே ஆகணும் என்று குதித்தார். பாலக்காட்டுக்காரர் "ஏப்ரலில் வைக்கலாமே" என்றார், பேங்க் லோன், முழுத் தொகையும் காசோலை. யார் எப்படிப் பணம் தருவார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஏப்ரலில் பத்திரம் போட்டோம். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரியில் அதே அளவுக்கு அபராதம் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, இடிப்பது. இடித்தால் பத்திரத்தில் கட்டட மதிப்பு சேராது, வாங்குகிறவருக்குக் கொஞ்சம் மிச்சம். ஆனால் கட்டடம் நிற்கும்வரை வணிகக் கட்டடத்துக்கான சொத்துவரிப் பதிவும் மூன்று முனை மின் இணைப்பும் உயிரோடு இருக்கும், புதிதாக இணைப்பு வாங்க அலைந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்களவர் கட்டடத்தை சைட் ஆபீஸாக வைத்துக்கொண்டார். இடித்தது எங்கள் அருமையான வளைவுப் பாதையைத்தான், அதில் லாரி திரும்பாது என்று முதல் நாளே பெயர்த்துவிட்டார். எண்ணெய் வடிகட்டும் தொட்டியும் செப்டிக் டேங்கும் எங்கே புதைத்தோம் என்று மட்டும் ஒரு படம் வரைந்து கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை, தூண் குழி தோண்டும்போது ஜேசிபி நேராக அதில் இறங்கி, நாற்றத்தோடு எனக்குப் போன் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் வழிக்கான அனுமதி உணவகத்துக்கென்று வாங்கியதாக இருந்தால், வேறு தொழிலுக்கு அது செல்லுமா என்று வாங்குகிறவர் கேட்பார், அந்தக் காகிதத்தையும் தேடி வையுங்கள்.

வரியில் ஒரு விஷயம். 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் 1% பிடித்துக்கொண்டுதான் தருவார், பதறாதீர்கள். 2024 ஜூலை 23 முதல் நீண்ட கால லாபத்துக்குப் பணவீக்கச் சலுகை இல்லாமல் 12.5%, அதற்கு முன்பே வாங்கிய இடமென்றால் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படி 20% போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் கட்டடத்துக்கு வருடா வருடம் தேய்மானம் கழித்திருந்தால் கட்டடத்தின் பங்கு குறுகிய கால லாபமாகவே போகும், நிலத்தின் கணக்கு தனி. அதனால் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பிரித்து எழுதுவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

இடம் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கேரளப் பக்கமென்றால் செலவு 8% முத்திரை, 2% பதிவு. அதைவிடப் பெரிய சங்கதி, அந்த நிலம் 2008-ஆம் வருட நெல்வயல் சட்டத்தின் டேட்டா பேங்கில் (வயல்களின் பட்டியலில்) வயலாகக் கிடக்கிறதா என்பது. மேலே பர்கர் கடையே நின்றாலும் காகிதத்தில் அது வயலாக இருக்கலாம், அப்படி இருந்தால் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவதற்குள் வாங்க வந்தவர் ஓடிவிடுவார். அங்கத்து விவசாய அலுவலகமான கிருஷி பவனில் கேட்டால் சொல்வார்கள்.