சிங்கம் வேண்டாம், கரிச்சானைக் கீறட்டும்

கோப்பாயிலிருந்து ஒரு ரீச்சர் கேட்டிருக்கிறார்: "நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு விலங்கைக் கீறச் சொன்னால் எல்லாரும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும்தான் கீறுகிறார்கள். எங்கள் ஊர் உயிரினங்களைச் சித்திரத்தால் எப்படிப் பழக்குவது?"

ரீச்சர், பிள்ளைகளில் பிழையில்லை. கார்ட்டூனிலும் கொப்பி அட்டையிலும் காண்பதைத்தானே கீறுவார்கள். முதல் நாள் பென்சிலே கொடுக்காதீர்கள். வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் ஒரே பறவையைப் பார்க்க விடுங்கள். கரண்ட் கம்பியில் கரிச்சான் இருக்கும். வால் நுனி எப்படிப் பிரிகிறது, பூச்சியைப் பிடித்துவிட்டு எங்கே திரும்பி வருகிறது என்று கேளுங்கள். இலங்கையில் அது பெரும்பாலும் வடக்கு, வடமேற்குப் பக்கத்துப் பறவை என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அடுத்தது தூக்கணாங்குருவி. காற்றுக்கு விழுந்த பழைய கூடு கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், மரத்திலிருந்து பிடுங்கவே வேண்டாம். ஆண் குருவிதான் பின்னும். பாதியில் பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் மிச்ச வேலை. இதைக் கிறயனால் கீறுவதைவிட, மெல்லிதாகக் கிழித்த பனையோலையால் பின்னிப் பார்க்கச் சொல்லுங்கள். என் பெறாமகள் அப்படி இருந்து பின்னினாள், நாலு முறை ஓலை நழுவி அவிழ்ந்தது, "இதை அலகாலேயா பின்னுது?" என்றாள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்து வளவுப் பனையைத் தறித்தால் குருவி எங்கே போகும் என்று தானாகவே கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். 'மரம் வெட்டாதீர்' என்று போஸ்டர் எழுத வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

பூநாரைக்கு ரோஸ் நிறம் அடிக்க முன், குஞ்சு சாம்பல் நிறமென்று சொல்லுங்கள். சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டித் தின்னும் பாசியிலும் குட்டி இறால்களிலும் இருந்துதான் அந்த நிறம் வருகிறது. ஆகவே முதலில் கடலேரி, பிறகு இரை, கடைசியில் பறவை என்ற ஒழுங்கில் கீறட்டும். தண்ணீர் பழுதானால் மற்ற இரண்டுக்கும் என்ன ஆகும் என்பது தாளிலேயே தெரியும். மாரிக்குப் பிறகு ஒரு வான் பிடிக்க முடிந்தால் சுண்டிக்குளம் போங்கள். 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம்.

அப்புறம், படத்தின் கீழே கண்ட இடமும் திகதியும் எழுத வையுங்கள். அழகுக்குப் புள்ளி போடாதீர்கள். கரிச்சானின் காலில் மூன்று விரல் முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு என்று பார்த்துக் கீறிய பிள்ளைக்குப் போடுங்கள்.